பூனையின் சளியும் நம் வீட்டு மருந்து டப்பாவும்

ஆந்திரத்து நாகலாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் வீட்டுப் பூனை சில நாட்களாகத் தும்முகிறது. கண்ணில் நீர் கோர்த்து நிற்கிறது. மூக்கு அடைத்துக்கொண்டு, மூச்சு விடும்போது கொர்கொர்ரென்று சத்தம் வருகிறது. வைத்த மீனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. தொட்டால் உடம்பு சுடுகிறது. வீட்டில் குழந்தைக்கு வாங்கிய பாரசிட்டமால் சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது மருத்துவர் சொன்ன கணக்கு. பூனை நாலு கிலோ இருக்கும். அப்படியானால் 60 மில்லிகிராம் கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. குழந்தைக்கு அந்த அளவு சரியானதுதான். ஆனால் பூனைகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நஞ்சேறிய அறிகுறிகள் பதிவாகியிருக்கின்றன. பெரியவர்கள் தலைவலிக்கு விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை, நாலு கிலோ பூனையின் உடம்பில் கிலோவுக்கு 125 மில்லிகிராம் ஆகிவிடும். ஒரு பூனையைக் கொல்ல அந்த ஒற்றை மாத்திரை போதும். சளி பெரும்பாலும் தானே வந்து தானே போகிற தொந்தரவு. அதைத் தணிக்க நாம் பரிவோடு நீட்டும் மருந்துதான் உயிருக்கு உலை வைக்கிறது. காரணம் பூனையின் கல்லீரலில் இருக்கிறது. உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் அது ஒன்று.

அதற்கு முன் அந்தச் சூட்டைப் பற்றி. ஆரோக்கியமான பூனையின் உடல் வெப்பமே 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 100.5 முதல் 102.5 வரை. நமக்குக் காய்ச்சல் என்று எழுதித் தரும் அளவு அதற்கு இயல்பு நிலை. நம் கையால் தொட்டுப் பார்த்தால் எந்தப் பூனையும் எந்த நாளும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். காது சூடு, மூக்கு ஈரம் என்று பார்ப்பதெல்லாம் நம்பக்கூடிய அளவுகோல்கள் இல்லை. காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்ல வெப்பமானி வேண்டும்; அதை ஆசனவாயில் வைத்துப் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். ஆகவே, காய்ச்சலுக்கு மருந்து தேடும் பலருடைய பூனைக்குக் காய்ச்சலே இருக்காது.

சளி எதனால் வருகிறது? பூனைகளுக்கு வரும் சளியில் பெரும்பங்கு இரண்டு வைரஸ்களின் வேலை. ஒன்று பூனை ஹெர்ப்பிஸ் வைரஸ், மற்றொன்று கலிசி வைரஸ். முதலாவது கண்ணையும் மூக்கையும் பிடிக்கும். இரண்டாவது நாக்கிலும் வாயிலும் புண் உண்டாக்கும். வாயில் எச்சில் ஒழுகும். கிளமிடியா, போர்டெட்டெல்லா போன்ற பாக்டீரியாக்களும் சில சமயம் சேர்ந்துகொள்ளும். நமக்குச் சளி தரும் வைரஸ்கள் வேறு. பூனையின் சளி வைரஸ்கள் வேறு. பூனையிடமிருந்து ஹெர்ப்பிஸோ கலிசியோ நமக்கு ஒட்டாது. ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒருமுறை வந்தால் முகத்து நரம்பின் முடிச்சுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். வீடு மாறினாலோ, புதிதாக ஒரு பூனை வந்து சேர்ந்தாலோ, வெடிச் சத்தத்தில் மிரண்டாலோ, சுமார் ஒரு வாரம் கழித்து மறுபடி தலைகாட்டும். தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் பூனை தும்ம ஆரம்பித்தால் மழையின் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.

நம்மிடமிருந்து பூனைக் குடும்பத்துக்குப் போகக்கூடிய ஒரு வைரஸ் உண்டு என்பதை 2021-ல் சென்னைக்கு அருகிலேயே பார்த்தோம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சஃபாரி பகுதியில், மே 26 அன்று ஐந்து சிங்கங்கள் தீனி எடுக்காமல் அவ்வப்போது இருமின. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபுணர்கள் உதவிக்கு வந்தார்கள். பதினோரு சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போயின. ஒன்பதுக்குக் கொரோனா உறுதியானது. நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கத்துக்கு, இறப்பதற்கு முந்தைய நாள் மூக்கில் கொஞ்சம் நீர் வடிந்தது. ஜூன் 3 அன்று அது இறந்துவிட்டது. ஜூன் 16-ல் பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் போனது. நான்கு சிங்கங்களிடம் கிடைத்த வைரஸின் மரபுத்தொகுதியைப் படித்தபோது, அப்போது நம்மை வாட்டிய அதே டெல்டா வகை என்று தெரிந்தது. வீட்டில் யாருக்காவது கொரோனா என்றால் அவர்கள் பூனையைக் கொஞ்சாமல் தள்ளி இருப்பது நல்லது.

இனி கல்லீரலுக்கு வருவோம்.

கல்லீரலை ஒரு கல்யாண வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குள் வரும் மருந்து ஒரு விருந்தாளி. வந்த வேலை முடிந்ததும் அவரை மரியாதையாக வழியனுப்ப வேண்டும். வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிளம்புகிறவர் கையில் தாம்பூலப் பையைக் கொடுக்கிறார். பை கைக்கு வந்துவிட்டால் அந்த விருந்தாளி மறுபடி பந்திப் பக்கம் திரும்ப மாட்டார். கூட்டம் வழிவிடும், அவர் தெருவில் இறங்கி நடப்பார்.

அந்தத் தாம்பூலப் பைக்குக் குளுக்குரோனிக் அமிலம் என்று பெயர். குளுக்கோஸிலிருந்து கல்லீரலே தயாரித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. தண்ணீரில் நன்றாகக் கரையும். பல மருந்துகள் கொழுப்பில் கரைகிற குணம் உள்ளவை. அதனால் செல் சவ்வுகளில் எளிதாக நுழைந்து உடம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குளுக்குரோனிக் அமிலம் ஒட்டிய மறுகணம் அந்தக் குணம் மாறிவிடுகிறது. மருந்து தண்ணீரில் கரைந்து, சிறுநீரோடு வெளியேறுகிறது. பையைக் கையில் கொடுக்கும் வேலையைச் செய்பவை யுஜிடி என்ற நொதிக் குடும்பத்தார். ஒருவர் பெண் வீட்டாரைக் கவனிப்பார், இன்னொருவர் மாப்பிள்ளை வீட்டாரை, மற்றொருவர் அலுவலக நண்பர்களை. பாரசிட்டமால் போன்ற சிறிய, தட்டையான ஃபீனால் வகை மூலக்கூறுகளைக் கவனிப்பதில் முக்கியமானவர் யுஜிடி1ஏ6. நாம் விழுங்கும் பாரசிட்டமாலில் பாதிக்கு மேல் இந்தப் பையோடுதான் வெளியே போகிறது.

பூனையின் கல்யாண வீட்டிலும் பைகளுக்குக் குறைவில்லை. கட்டி அறை நிறைய அடுக்கி வைத்திருக்கிறது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது வரும் பிலிருபினுக்குப் பை கொடுப்பவர் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் யுஜிடி1ஏ6 உட்கார வேண்டிய நாற்காலி காலி. அந்த நொதிக்கான மரபணு பூனையின் டிஎன்ஏவில் இன்னும் இருக்கிறது. எழுத்துகள் விடுபட்டும் மாறியும் பல இடங்களில் உடைந்துபோயிருப்பதால் அதைப் படித்து நொதியைத் தயாரிக்க முடியாது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோர்ட்டும் டேவிட் கிரீன்பிளாட்டும் 2000-ல் இதைக் கண்டு சொன்னார்கள். இப்படிச் செத்துப்போன மரபணுவைப் போலி மரபணு என்கிறோம்.

பை கிடைக்காத விருந்தாளி என்ன செய்வார்? பக்கவாசல் ஒன்று இருக்கிறது. அங்கே சந்தனக் கிண்ணத்தோடு ஒருவர் நின்று, பொட்டு வைத்து அனுப்புகிறார். இது சல்ஃபேட் பாதை. நம் உடம்பில் பாரசிட்டமாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் போகிறது. கிண்ணம் சின்னது, கூட்டம் கூடினால் சந்தனம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் பிறகு மிஞ்சுவது கொல்லைப்புறம். சமையற்கட்டு வழியாகப் போக வேண்டும். அந்த வழியில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிகள் இருக்கின்றன. சாதுவாக உள்ளே நுழைந்த விருந்தாளி, சமையற்கட்டைத் தாண்டும்போது கையில் கத்தியோடு வெளியே வருகிறார். என்ஏபிக்யூஐ என்பது அந்தக் கத்திக்காரரின் வேதியியல் பெயர். எதிர்ப்படும் புரதங்களையெல்லாம் பிடித்துக் கிழிக்கும் மூலக்கூறு அது.

நமக்கும் இது நடக்கிறது. நாம் விழுங்கும் மருந்தில் 5 முதல் 10 சதவீதம் இந்த வழியில்தான் போகிறது. அதற்காகவே கொல்லைப்புறத்தில் தாய்மாமன்கள் சிலர் காவல் நிற்கிறார்கள். அவர்கள்தான் குளுட்டாதயோன். ஒரு மாமன் ஒரு கத்திக்காரரைக் கட்டிப்பிடித்து, அவரோடு சேர்ந்து தானும் வெளியே போய்விடுவார். திரும்பி வர மாட்டார். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. நம் வீட்டில் கத்திக்காரர்கள் கொஞ்சம், மாமன்கள் அதிகம் என்பதால் சமாளிக்கிறோம். அளவுக்கு மீறிப் பாரசிட்டமால் விழுங்கிய மனிதர்களின் கல்லீரல் கெடுவதும், மாமன்கள் தீர்ந்து கத்திக்காரர்கள் மிஞ்சும்போதுதான். பூனையின் வீட்டில் முன்வாசலில் ஆள் இல்லாததால் கொஞ்சம் கூட்டம் வந்தாலே எல்லோரும் கொல்லைப்புறம்தான் திரும்புகிறார்கள். நமக்குச் சாதாரணமான அளவு அதற்குக் கலவரமாகிவிடுகிறது.

கல்யாண வீட்டை இங்கே விட்டுவிடலாம். அடுத்து நடப்பது ரத்தத்தில். பூனையின் ஹீமோகுளோபின் இயல்பிலேயே எளிதில் அடிபடக்கூடியது. ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆக்சிஜனேற்றத்துக்கு இடம்கொடுக்கும் கந்தக முனைகள் எட்டு இருக்கின்றன. நாய்க்கு நான்குதான், நமக்கு அதைவிடக் குறைவு. நஞ்சு தாக்கியதும் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு வேறு நிலைக்கு மாறி, மெத்ஹீமோகுளோபின் ஆகிறது. அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பு மூச்சுக்குத் திணறும். சில மணி நேரத்தில் ஈறு சாக்லேட் நிறத்துக்கோ நீலத்துக்கோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். மூச்சு வேகமாக வாங்கும். நம்மைப் போலக் கல்லீரல் கெட்டுச் சாவதற்கு முன்பே பல பூனைகள் ரத்தம் கெட்டுச் செத்துவிடுகின்றன.

ஒரு மரபணு உடைந்ததால் எல்லாம் நடந்தது என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். உண்மை அவ்வளவு எளிமையாக இல்லை. பாரசிட்டமால் உடம்பில் இன்னொரு விதமாகவும் சிதைந்து, பாரா-அமினோஃபீனால் என்ற பொருளைத் தருகிறது. அதைத் திரும்பவும் தீங்கில்லாததாக மாற்ற உதவும் நாட்2 என்ற நொதி பூனைக்கும் இல்லை, நாய்க்கும் இல்லை. சிவப்பணுக்கள் கெடுவதில் இதற்கே பெரிய பங்கு என்று 2009-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆக, காலி நாற்காலி ஒன்றுக்கு மேல் இருக்கிறது. ஒரே காரணம், ஒரே மரபணு என்று முழங்கும் செய்திகளை வாசகர்கள் எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

வரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாரசிட்டமாலை 1870-களில் அமெரிக்க வேதியியலாளர் ஹார்மன் நார்த்ரப் மோர்ஸ் தயாரித்தார். 1948-ல் ஆய்வாளர்கள் பிராடியும் ஆக்ஸல்ராடும் அதன் மதிப்பை நிலைநாட்டினார்கள். 1950-களில் கடைகளுக்கு வந்தது. அதே பத்தாண்டில் பூனைச் சளியின் இரு வைரஸ்களும் பிடிபட்டன: 1957-ல் நியூசிலாந்தில் கலிசி, 1958-ல் அமெரிக்காவில் ஹெர்ப்பிஸ்.

இதைவிடச் சுவையான கேள்வி, அந்த யுஜிடி1ஏ6 மரபணு ஏன் உடைந்தது என்பது. ஃபீனால் வகைப் பொருட்கள் அதிகம் இருப்பது தாவரங்களில். இலையும் காயும் கனியும் தின்கிற விலங்குகளுக்கு அவற்றை வெளியேற்றும் நொதி அன்றாடத் தேவை. பூனையின் முன்னோர்கள் இறைச்சியைத் தவிர வேறெதையும் பெரிதாகத் தொடவில்லை. உபயோகம் இல்லாத மரபணு உடைந்தாலும் அந்த விலங்குக்கு நஷ்டம் இல்லை. ஆகவே உடைந்தது உடைந்தபடியே வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பூனைக் குடும்பத்தில் சோதித்த இனங்கள் எல்லாவற்றிலும் இந்த மரபணு உடைந்திருப்பதைக் கண்டது. உடைந்த காலம் ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கும் 1.1 கோடி ஆண்டுகளுக்கும் இடையே என்று கணித்தது. சேஷாசலம் காட்டுச் சிறுத்தைகளுக்கும், திருப்பதி உயிரியல் பூங்காவில் உள்ள புலிகளுக்கும், நாகலாபுரத்து வீட்டுப் பூனைக்கும் இந்தக் குறை பொதுவான பாட்டன் சொத்து. தின்பது ஊன் மட்டும் என்பதால்தான் உடைந்தது என்பதை நேரில் பார்த்து நிரூபிக்க வழியில்லை. ஆனால் பூனையோடு நெருங்கிய உறவில்லாத வடக்கு யானை சீலிலும், ஊன் தின்னும் பழுப்புக் கழுதைப்புலியிலும் அதே மரபணு தனித்தனியாக உடைந்திருப்பது அந்த விளக்கத்துக்குப் பலம் சேர்க்கிறது. இனிப்பை உணரும் மரபணு ஒன்றும் பூனையிடம் இதேபோல் செயலிழந்து கிடக்கிறது. மருந்தைச் சர்க்கரையில் குழைத்துக் கொடுத்து அதை ஏமாற்ற முடியாது.

இந்தப் பரிணாமக் கதையிலிருந்து நேராக நம் சமையலறைக்கு ஒரு செய்தி வருகிறது. ஆங்கில மருந்துதான் ஆபத்து, நாட்டு மருந்து இயற்கையானது, அதனால் பூனைக்குக் கெடுதல் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். காணொளிகளும் அப்படித்தான் சொல்கின்றன. விஷயம் நேர் எதிர். தாவரப் பொருட்களைக் கையாளும் திறனைத்தான் பூனையின் கல்லீரல் இழந்திருக்கிறது. துளசியிலும் கிராம்பிலும் உள்ள யூஜினால் ஒரு ஃபீனால். ஓமத்திலும் கற்பூரவல்லியிலும் உள்ள தைமால், கார்வக்ரால் இரண்டும் ஃபீனால்கள். நம் சளிக்கு இதமாக இருக்கும் இவற்றின் எண்ணெய்கள் பூனையின் உடம்பில் தேங்கும். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், மென்தால் ஆகியவை வேதியியலில் வேறு வகை என்றாலும் அவையும் பூனைக்கு நஞ்சுதான். மார்பில் தடவும் களிம்பில் இவை மூன்றுமே இருக்கும். பூனையின் மேல் தடவியது எதுவும் மேலேயே நிற்காது. அது தன்னை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்கிறது. கழுத்தில் தடவிய தைலம் சிறிது நேரத்தில் வயிற்றுக்குள் இருக்கும். பூண்டு தட்டிப் போட்ட மிளகு ரசமும் வேண்டாம். பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் ஏற்கெனவே சொன்ன அதே பலவீனமான ஹீமோகுளோபினைத் தாக்குகின்றன.

தரை துடைக்கும் பினாயிலும் இதே கணக்கில் சேரும். பூனை துடைத்த ஈரத்தில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். ஃபீனால் கலந்த கிருமிநாசினிகளைப் பூனை இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுவது நல்லது. கலிசி வைரஸ் வெளியில் ஒரு வாரத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும் என்பதால் தட்டையும் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தை 32 பங்கு தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகு பூனையை விடுங்கள்.

சரி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? இல்லை. வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. எதற்கும் பெரிய செலவில்லை.

மூக்கும் கண்ணும் முதலில். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, காய்ந்துபோன பொருக்கை ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். அடைப்பு அதிகமாக இருந்தால், குளியலறையில் பூனை எட்டாத தூரத்தில் வாளி நிறைய வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் பூனையோடு கூடவே உட்காருங்கள். வெறும் வெந்நீர் போதும். நொச்சி, தைலம் எதுவும் வேண்டாம். தலையைப் பிடித்துப் போர்வை போர்த்தி ஆவி காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் சளி இருக்கும் நாட்களில் அந்த அறையில் இருக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பூனை சாப்பிடலாமா என்று முடிவெடுப்பது மூக்கை வைத்து. மூக்கு அடைத்தால் அதற்கு முன்னால் இருப்பது சாப்பாடாகவே தோன்றாது. வாசகி வீட்டுப் பூனை மீனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியதற்கு அதுதான் காரணம். ஆகவே வாசனையைக் கூட்டித் தர வேண்டும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் மீனையோ கோழியையோ வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கி, வெந்த தண்ணீரோடு பிசைந்து, உடல் சூட்டு அளவுக்கு, அதாவது 38 டிகிரி வாக்கில், வெதுவெதுப்பாக வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்த மீனில் வாசனை எழும்பாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது நல்லது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பின் நீர் இன்னும் குறையும்.

முழு நாள் ஒன்றும் சாப்பிடாமல் போனால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். வந்து குவியும் கொழுப்பைப் பூனையின் கல்லீரலால் வேகமாகச் செலவழிக்க முடியாது. சில நாட்களில் கல்லீரலே கொழுப்பால் அடைபட்டுப்போகும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதிகம் சாப்பிட்டு வளர்ந்ததுதானே, நாலு நாள் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

விளம்பரங்கள் சொல்லும் இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பூனை ஹெர்ப்பிஸுக்கு லைசின் என்ற அமினோ அமிலப் பொடி பல காலம் விற்கப்பட்டது, இன்றும் விற்கப்படுகிறது. அதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் 2015-ல் பரிசீலித்த போல், புன்னிக் என்ற இரு ஆய்வாளர்கள், பலன் இருப்பதாகச் சான்று இல்லை, நிறுத்திவிடுவதே நல்லது என்று எழுதினார்கள். அடுத்தது ஆன்டிபயாடிக். வைரஸை அது தொடாது. பூனை சுறுசுறுப்பாக, சாப்பிட்டுக்கொண்டு, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பத்து நாள் வரை ஆன்டிபயாடிக் இல்லாமலே கவனிக்கலாம் என்கின்றன 2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள். சளி மஞ்சளாகி, பூனை சோர்ந்து போனால் மருத்துவர் எழுதித் தருவார். வீட்டில் மிஞ்சிய பட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. மனிதர்களின் ஹெர்ப்பிஸுக்குத் தரும் அசைக்ளோவிர் வகை மாத்திரைகளும் பூனைக்கு நஞ்சு. வேறு மருந்து இருக்கிறது, அதை மருத்துவர்தான் தர வேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கண்ணைத் திறக்கவே முடியாமல் இடுக்கினால், வாயில் புண்ணோடு எச்சில் ஒழுகினால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், குட்டியாக இருந்து சோர்ந்துபோனால் காத்திருக்க வேண்டாம். பத்து நாள் தாண்டியும் சளி விடாவிட்டாலும், ஒரு பக்க மூக்கில் மட்டும் வடிந்தாலும் காட்டிவிடுங்கள். நாகலாபுரத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பிச்சாட்டூர், புத்தூர் வழியாகப் போனால் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம். ஊத்துக்கோட்டை வழியாக வந்தால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கான இலவச அழைப்பு எண் 1962. ஏற்கெனவே யாராவது பாரசிட்டமால் கொடுத்துவிட்டிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் பட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று தயங்காமல் சொல்லுங்கள். தீர்ந்துபோன குளுட்டாதயோனை உடம்பு மறுபடி தயாரிக்க உதவும் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.

குணமானதும் தடுப்பூசி. ஹெர்ப்பிஸ், கலிசி, பான்லியூகோபீனியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி உண்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் போட வேண்டும். அது சளியை முழுக்கத் தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வந்தாலும் லேசாக வந்து போகும். பான்லியூகோபீனியா என்ற கொடிய நோயிலிருந்தோ உறுதியான பாதுகாப்பு கிடைக்கும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. கால்நடைகளுக்குப் போட்ட டைக்குளோஃபெனாக் வலி மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது தெரிந்ததும், 2006-ல் இந்திய அரசு கால்நடை உபயோகத்துக்கு அதைத் தடை செய்தது. 2015-ல் மனிதர்களுக்கான ஊசிக் குப்பிகளையும் 3 மில்லிலிட்டருக்கு மேல் போகாதபடி சுருக்கியது. ஓர் உயிரினத்தின் மருந்து இன்னோர் உயிரினத்துக்கு நஞ்சாகலாம் என்பதை ஏற்றுச் செயல்பட்ட நாடு இது. பாரசிட்டமாலைத் தடை செய்யச் சொல்லவில்லை. அது நமக்கு வேண்டிய நல்ல மருந்து. அதன் அட்டையில் நம் கல்லீரலுக்கான எச்சரிக்கை ஏற்கெனவே அச்சாகிறது. அதற்குக் கீழே, பூனைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இன்னும் ஒரு வரியை அந்தந்த மாநில மொழியில் சேர்க்க வேண்டும். மருந்துக் கடைக்காரர்களும், பூனைக்கு என்று யாராவது கேட்டால் கொடுக்க மறுக்க வேண்டும். கூடுதல் செலவு ஒரு வரி மை. அது அச்சாகும் வரை, பூனை வளர்க்கும் ஒவ்வொருவரும் இதைப் பக்கத்து வீட்டில் பூனை வளர்ப்பவரிடம் சொல்லி வையுங்கள்.